சார்பு எதுவும் இல்லை

"மாதிரி ஒன்றுன்னு போட்டிருக்கே, அது யார் வீட்டு மீட்டர்?" என்று தணிகைவேல் கேட்டபோது காலை பத்தே கால் மணி. திருச்சியில் அதற்குள் நாற்பத்திரண்டு டிகிரி.

மடிக்கணினித் திரையில் ஏழு முகங்கள். ஜெசிந்தா முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். அதில் எதுவும் தெரியவில்லை. கல்லூரியில் பதினைந்து வருடம் கணக்கு நடத்திய முகம். பதில் சொல்ல விரும்பாத கேள்விக்கு முன்னாலும் அசையாமல் நிற்கப் பழகியது.

"தேடிப் பார்த்துச் சொல்றேன்," என்றாள்.

"தேட என்ன இருக்கு மேடம்? நீங்கதானே சேர்த்தீங்க."

நான்கு வருடமாக அவளை 'ஜெசி அக்கா' என்று கூப்பிட்டவன் தணிகைவேல். இன்று காலையிலிருந்து மேடம்.

சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு விநாடிக்கு ஒருமுறை யாரோ பெருமூச்சு விடுவதைப் போல ஒரு சத்தம். ஜெசிந்தா தன் மைக்கை அணைத்தாள்.

அது 2044 மே மாதம். ஐந்து கோடைகளாகவே மாநிலத்தில் மின்சாரம் எல்லாருக்கும் எல்லா நேரமும் போதவில்லை. பகலில் தெருக்களுக்கு முறை வைத்து நிறுத்தினார்கள். எந்த டிரான்ஸ்பார்மரை நிறுத்துவது, எதை விடுவது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் முடிவு செய்தது. முதலில் ஒரு தனியார் நிறுவனம் எழுதிக் கொடுத்த நிரல் இருந்தது. சில தெருக்களில் மட்டும் மின்சாரம் போவதே இல்லை என்று ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் குடியிருந்த தெருக்கள் அவை. மூன்று ஊர்களில் கலவரம் ஆனது. அதற்குப் பிறகு வந்ததுதான் 'முறை'. சம்பளம் வாங்காத பதினோரு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியது. யார் வேண்டுமானாலும் அதன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கலாம். எழுதியவர்களுக்கு அதில் எந்த ஆதாயமும் இல்லை என்று ஊர் நம்பியது. நிரல் ஓடியது மின்சாரத்தால் என்றால், ஊர் அமைதியாக இருந்தது அந்த நம்பிக்கையால்.

பதினோரு பேருக்கும் ஒரு பொதுப் பக்கம் உண்டு. சார்பு ஏடு என்று பெயர். எங்கே குடியிருக்கிறேன், எங்கே வேலை பார்க்கிறேன், இந்த நிரலால் என்னைச் சேர்ந்தவர்களில் யாருக்காவது லாபமோ நஷ்டமோ உண்டா என்று அவரவரே எழுதலாம். கட்டாயம் கிடையாது. "கட்டாயப்படுத்தினா பொய்தான் வரும். விருப்பத்துக்கு விட்டா வெட்கப்பட்டாவது உண்மையை எழுதுவாங்க" என்று அந்தப் பக்கத்தை உண்டாக்கிய நாசர் சொல்வார். காரைக்கால்காரர், கப்பலில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவை நடத்துவதும் அவர்தான். ஏட்டில் எட்டுப் பேர் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: 'சார்பு எதுவும் இல்லை.' அந்த எட்டில் ஜெசிந்தாவும் ஒருத்தி. நான்கு வருடம் முன்பு அவள் அதை எழுதியபோது அது உண்மை. அவள் கணவர் அமல்ராஜ் அப்போது ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒருதடவை சொல்லிடறேன்," என்றான் தணிகைவேல். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், முப்பத்து நாலு வயது. ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். "மூணு வாரம் முன்னாடி வரைக்கும் நாம ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு மாதிரி இடங்களை மட்டும்தான் நிறுத்தாம விட்டுக்கிட்டிருந்தோம். வீட்லயே ஆக்சிஜன் மெஷின் வெச்சு உசுரோட இருக்கறவங்களைப் பத்தி யோசிக்கல. ஜெசிந்தா மேடம் யோசிச்சாங்க. அந்த மெஷின் மின்சாரம் இழுக்கற விதமே தனி, மீட்டரைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்னு, 'மாதிரி ஒன்று'ங்கற ஒரு வீட்டு மீட்டர் கணக்கை வெச்சுக் காட்டினாங்க. ஒரு டிரான்ஸ்பார்மர்ல அப்படி ஒரு வீடு இருந்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல நிறுத்தக்கூடாதுன்னு மாற்றம் கொண்டுவந்தாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டோம். நானும்தான்."

"நல்ல மாற்றம்தானே தம்பி?" என்றார் நாசர்.

"நல்ல மாற்றம். ஆனா ஒரு இடத்துல நிறுத்தாததை இன்னொரு இடத்துல நிறுத்தித்தான் ஆகணும். திருச்சியில முப்பத்தோரு டிரான்ஸ்பார்மருக்குச் சலுகை. அந்தச் சுமை போய் விழுந்தது ஒன்பது டிரான்ஸ்பார்மர் மேல. ஏன் அந்த ஒன்பது? அங்க ஒரு வீட்லகூட அந்த மெஷின் இல்ல. ஏன் இல்ல? வாங்க முடியாது. பஞ்சுமில் சந்துன்னு ஒண்ணு. வரிசையா தகரக் கூரை. உச்சி வெயில்ல தொண்ணூறு நிமிஷம் ஃபேன் கிடையாது. போன வியாழக்கிழமை அங்க ஒருத்தர் செத்துட்டார். குழந்தைவேலு. வெல்டிங் பட்டறையில வேலை. மதியம் சாப்பிட வந்தவர், படுத்தவர் எழுந்திருக்கல."

தணிகைவேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"மாற்றம் தப்புன்னு நான் சொல்லல. எழுதினவங்க எங்க நின்னுக்கிட்டு எழுதினாங்கன்னு தெரியணும். மாதிரி ஒன்று யாரோ ஒருத்தர் வீட்டு மீட்டர். அந்தத் துடிப்பை எடுத்துக்கிட்டு, முப்பத்தோரு டிரான்ஸ்பார்மர்ல எந்த வீட்டோட பொருந்துதுன்னு சோதனை பண்ணணும்."

நாசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. சோதனைக்கு முன்னாடி ஒரு வாய்ப்புக் கொடுப்போம். பன்னிரண்டு மணி வரைக்கும் ஏடு திறந்திருக்கு. யாருக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க. விதி எல்லாருக்கும் தெரியும். சொல்லாத சார்போட வந்த மாற்றம்னா உடனே எடுத்துடணும். சார்பு இல்லாத ரெண்டு பேர் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் திரும்ப வரும்."

ஜெசிந்தா மடிக்கணினியை மூடிவிட்டு உள்ளே போனாள்.

அமல்ராஜ் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டே போகிற நோய் வந்து இரண்டு வருடம். வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டவர்களிடம் விருப்ப ஓய்வு என்றே சொல்லி வைத்திருந்தார். மூக்கில் குழாயோடு தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக ஞாயிறு திருப்பலிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"யாரோ நம்ம மீட்டரைப் பத்திக் கேட்டாப்ல இருந்துச்சு," என்றார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"ஆமாங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சுமில் சந்து, குழந்தைவேலு, பன்னிரண்டு மணி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எழுதினா என்னாகும்?"

"அந்த நிமிஷமே மாற்றத்தை எடுத்துடுவாங்க. நமக்கு மட்டும் இல்ல, மாநிலம் பூரா ரெண்டாயிரத்து நானூறு வீட்டுக்கும் சேர்த்து. பழைய முறைப்படி இன்னைக்கு நம்ம தெரு ஒண்ணு இருபதுக்குப் போகும். ரெண்டு அம்பதுக்கு வரும்."

"இன்வெர்ட்டர்?"

"இந்தச் சூட்டுல நாப்பது நிமிஷம் தாங்கினா பெரிசு. சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு. அதுல இருபது நிமிஷம் வரும்."

"அப்ப அரை மணி நேரம் இடிக்குது." ரயில் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். "எழுதலைன்னா?"

அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முகப்பில் ஒரு குமிழ், மூன்றில் நின்றது. அதை இரண்டுக்குத் திருப்பினால் மெஷினின் துடிப்பு மாறிவிடும். சோதனை நடக்கிற ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் மாதிரி ஒன்று இந்த வீட்டோடு பொருந்தாது. யாருக்கும் தெரியாது. மாற்றம் இருக்கும், ரெண்டாயிரத்து நானூறு பேர் இருப்பார்கள், அவள் பெயரும் இருக்கும். ஒரு மணி நேரம் மட்டும் இவருக்குக் கொஞ்சம் காற்று குறையும்.

அவள் கை குமிழின் மேல் இருந்ததை அவரும் பார்த்தார்.

"அதைத் திருப்பினா தெரியாமப் போயிடுமா?"

"போயிடும்."

"எனக்கு என்னாகும்?"

"தெரியல. தாங்குவீங்கன்னு நெனைக்கிறேன்."

அமல்ராஜ் கூரையைப் பார்த்தார். "ஒருதடவை சிவப்பு சிக்னலைத் தாண்டிட்டேன்," என்றார். "இருபது மீட்டர்தான். பின்னாடி எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகல. யாரும் பார்க்கல. ஆனா நானே எழுதிக் கொடுத்தேன். ஆறு மாசம் வண்டியில ஏற விடல."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"டிரெய்னிங்னு சொன்னேன்." அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே போய்விட்டது. "ஜெசி, எனக்குப் பயமா இருக்கு. வீரம்லாம் இல்ல. ஆனா அந்தக் குமிழ்மேல உன் கை இருக்கறதைப் பார்க்க அதைவிடப் பயமா இருக்கு. போய் எழுது."

பதினொன்று நாற்பதுக்கு எழுதினாள். 'மாதிரி ஒன்று என் வீட்டு மீட்டர். மெஷின் என் கணவருடையது. மாற்றம் கொண்டுவந்த நாளிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.' மூன்று முறை திருத்தினாள். காரணம் எதுவும் சேர்க்காமல் பதிந்தாள்.

இரண்டு நிமிடத்தில் நாசர் அழைத்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா சார்பு இல்லாத ரெண்டு பேர் படிக்கணும்னு வரும். அவங்க வேலை வெட்டிக்கு நடுவுல படிச்சு முடிக்க ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள கோடை முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"சரியாத்தான் நெனச்சிருக்க. ஒரு மாசம் ஆகியிருக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "இப்ப ஒரு மணி நேரத்துல தேடறேன். ஆனா மாற்றத்தை எடுத்துத்தான் ஆகணும்மா. விதியை எழுதினவன் நான். இன்னைக்கு உனக்காக மீறினா, நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"எடுங்க அண்ணே."

பன்னிரண்டு ஐந்துக்கு மாற்றம் எடுக்கப்பட்டது. ஜெசிந்தா ஆம்புலன்ஸுக்கு அழைத்தாள். மூன்று மணி நேரமாகும், வார்டுகளில் இடமும் இல்லை என்றார்கள். இரண்டு மாடி இறக்கி அந்த வெயிலில் ஆட்டோவில் கொண்டுபோனால் பாதி வழியிலேயே முடிந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. ஜன்னல்களை ஈரத்துணியால் மூடினாள். ஃபிரிட்ஜ், மோட்டார், விளக்கு என்று எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிப் போட்டாள். பிறகு அமல்ராஜின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சார்பு ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

'சார்பு எதுவும் இல்லை' என்ற வரி இன்னும் ஏழு பேரிடம் இருந்தது. நாசர் அதில் ஒவ்வொருவரையும் அழைத்துக்கொண்டிருப்பார். அழைப்புப் போன இடத்தில் எல்லாம் அந்த வரி மாறத் தொடங்கியது.

முதலில் சிதம்பரத்தில் இருந்த ஒரு பெண். 'என் மாமியாருக்கு ஆக்சிஜன் மெஷின் உண்டு. கேட்கும்வரை இதைச் சார்பு என்று நினைக்கவில்லை.' அடுத்தவர் வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கு, நிறுத்தக்கூடாத பட்டியலில் இருந்தது. டொராண்டோவில் இருந்தவர் எழுதினார்: 'என்ர சித்தி குடும்பம் திருச்சி அகதி முகாமில தகரக் கொட்டிலுக்கை இருக்கினம்.' ஒருவர் தன் தெருவின் டிரான்ஸ்பார்மர் எண்ணை மட்டும் எழுதி, 'இதற்கு நிறுத்தும் நேரம் குறைகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பார்த்திருக்கிறேன். குறைத்ததில்லை. பார்த்திருக்கிறேன்' என்றார். பொய் சொன்னவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளாதவர்கள். இன்று ஒருத்தி எழுதியதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள்.

ஒன்று இருபதுக்கு ஃபேன் நின்றது. இன்வெர்ட்டர் கிளிக் என்று பிடித்துக்கொண்டது. மெஷின் தடையில்லாமல் ஓடியது.

ஒன்றரைக்கு நாசரின் செய்தி குழுவில் வந்தது. 'ஆறு பேரும் எழுதிவிட்டார்கள். சார்பு இல்லாதவர் இப்போது ஒருவர்தான். தணிகை. இன்னொருவருக்கு எங்கே போவேன் என்று தெரியவில்லை.'

பதில் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஒன்று நாற்பத்தெட்டுக்குத் தணிகைவேலின் வரியும் மாறியது.

'பஞ்சுமில் சந்தில் இறந்த குழந்தைவேலு என் அக்காள் கணவர். நான் சார்பு எதுவும் இல்லை என்று எழுதிய காலத்திலேயே அவர்கள் அந்தச் சந்தில்தான் இருந்தார்கள். இன்று காலை கேள்வி கேட்பதற்கு முன்னால் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதினால் கேள்வியை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன்.'

ஜெசிந்தா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"சொல்லுங்க," என்றான்.

"உன் மச்சானைப் பத்தி இப்ப நான் எது பேசினாலும் என் வீட்டுக்காரருக்காகப் பேசற மாதிரிதான் இருக்கும். அதனால பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஒன்பது டிரான்ஸ்பார்மருக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சு வெச்சிருக்கியா?"

அவன் மூச்சு விடுவது கேட்டது. "எழுதியே வெச்சிருக்கேன். நாலு நாளா. வானத்துலேர்ந்து எடுக்கற சூட்டுப் படத்துல எந்தக் கூரை எவ்வளவு கொதிக்குதுன்னு தெரியும். கொதிக்கற கூரை இருக்கற இடத்துல பன்னிரண்டுலேர்ந்து மூணு வரைக்கும் இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல நிறுத்தக்கூடாது. மிச்சச் சுமை மொத்தமும் ஏசி ஓடற தெருக்களுக்குப் போகும்."

"ஏன் கொடுக்கல?"

"யாருக்காகன்னு கேப்பாங்க."

"நாசர் அண்ணனையும் லைன்ல எடு," என்றாள் ஜெசிந்தா.

நாசர் வந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். "விதிப்படி சார்பு இல்லாத ரெண்டு பேர் வேணும்," என்றார். "அப்படி ரெண்டு பேர் நம்மகிட்ட என்னைக்குமே இருந்ததில்லைன்னு இன்னைக்குத்தான் தெரியுது. சார்பு இல்லாதவன் எதுக்குச் சம்பளம் இல்லாம ராவும் பகலும் இதைக் கட்டிட்டு அழுவான்?"

"அப்ப?"

"எதிரெதிர் சார்பு இருக்கற ரெண்டு பேர். ரெண்டு பேரும் தங்களோடதை எழுதி வெச்சிருக்கணும். அவனோடதை நீ படி. உன்னோடதை அவன் படிக்கட்டும். ஆனா விதியை மாத்த நான் மட்டும் போதாது, ஆறு பேர் சம்மதிக்கணும். கேக்கறேன்."

இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது. ஜெசிந்தா சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். குழுவில் 'சம்மதம்' என்று ஒவ்வொன்றாக வந்தது. டொராண்டோக்காரர் அங்கே விடியும் முன்பே விழித்திருந்து நான்காவதாகப் போட்டார். ஆறாவது சம்மதம் இரண்டு ஒன்பதுக்கு வந்தது.

தணிகைவேலின் மாற்றம் சிறியது. அவள் மூன்று நிமிடத்தில் படித்துக் கையெழுத்திட்டாள். அவளுடையது நீளமானது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"தணிகை, என்னாச்சு?"

"படிச்சிட்டிருக்கேன்."

"மூணு வாரம் முன்னாடி நீ ஒருதடவை படிச்சதுதான்."

"அன்னைக்கு உங்களை நம்பிப் படிச்சேன்." குரலில் கோபம் இல்லை. "முழுசாப் படிக்காம போட மாட்டேன்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவன் இடத்தில் தான் இருந்தாலும் இதையே செய்திருப்போம் என்று தெரிந்ததால், அந்தக் கோபத்தை வைக்க ஓர் இடமும் கிடைக்கவில்லை.

"நூத்தி எழுபதாவது வரி," என்றான். "மீன் தொட்டி மோட்டாரோட துடிப்பையும் ஆக்சிஜன் மெஷின்னு எண்ணுது. அதனாலதான் சலுகை தேவைக்கு மேல போயிருக்கு. முப்பத்தொண்ணு இல்ல, இருபத்திரெண்டுதான் வரணும்."

அவள் பார்த்தாள். அவன் சொன்னது சரி. ஒன்பது டிரான்ஸ்பார்மருக்குச் சலுகை தவறாகப் போயிருக்கிறது. அந்தச் சுமையும் சேர்ந்துதான் பஞ்சுமில் சந்தின் மேல் விழுந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு அவளுக்குச் சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் பொறுமையாகப் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். இடது கையால் அமல்ராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அந்த வரியைத் திருத்தினாள். இரண்டு முறை தவறாக அடித்தாள்.

இரண்டு இருபத்தொன்றுக்குச் சிலிண்டர் தீர்ந்தது.

இரண்டு இருபத்து நாலுக்குத் தணிகைவேல் கையெழுத்திட்டான். "போட்டுட்டேன்," என்றான். "ரெண்டரைக்குத்தான் நிரல் அடுத்த முடிவு எடுக்கும். ஆறு நிமிஷம் இருக்கு. எப்படி இருக்கார்?"

விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் அளவு எழுபத்தொன்று என்று காட்டியது. அமல்ராஜின் உதடுகள் நாவல்பழம் தின்றவை போல ஆகியிருந்தன. அவர் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. அவள் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, காதருகே எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு. சில எண்களுக்கு மூச்சு வரவில்லை. போனில் அந்தப் பக்கம் தணிகைவேல் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தான்.

இரண்டரைக்கு ஃபேன் சுழன்றது.

அமல்ராஜ் பிழைத்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு குமிழ் மூன்றில் போதவில்லை, ஐந்துக்குப் போனது. குளியலறைவரை நடப்பது நின்றுபோனது. அன்று மாற்றம் இல்லாதிருந்த இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில், மெஷினோடு இருந்தவர்களில் மூன்று பேர் மாநிலத்தின் வேறு வேறு ஊர்களில் இறந்துபோனார்கள். அவர்கள் எப்படியும் இறந்திருப்பார்களா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஜெசிந்தா மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டாள். நிரலின் அந்தப் பகுதியில் ஒரு வருடம் அவள் எதுவும் எழுதக்கூடாது என்று குழு முடிவு செய்தது. அந்தத் தீர்மானத்துக்கு அவளும் சம்மதம் போட்டாள்.

ஜூலையில், வெயில் தணிந்த ஒரு காலையில், அவள் பஞ்சுமில் சந்துக்குப் போனாள். தணிகைவேல் சந்து முனையில் நின்றிருந்தான். இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் முறை. "வாங்கக்கா," என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தான்.

அவன் அக்கா பூங்காவனம் வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தகரக் கூரை அந்தக் காலை நேரத்திலும் படபடவென்று சத்தம் போட்டது.

"தம்பி எல்லாம் சொன்னான்," என்றாள். "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

"நீங்க எதுக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேக்கவா?"

"அதுவும்தான். ஆனா அன்னைக்கு நடந்ததை உங்ககிட்டச் சொல்லணும். அந்த வியாழக்கிழமை உங்க சந்துக்கு ஒண்ணு அம்பதுலேர்ந்து மூணு இருபது வரைக்கும் மின்சாரம் இல்ல. பழைய முறையா இருந்தா அம்பது நிமிஷத்துல வந்திருக்கும். மிச்ச நாப்பது நிமிஷம் என் மாற்றத்தால. அதுலயும் ஒரு பங்கு நான் செஞ்ச ஒரு தப்பால."

பூங்காவனம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அவர் ரெண்டு மணிக்கு வந்தார். ரசம் ஊத்திச் சாப்பிட்டார். ரெண்டரைக்குப் படுத்தார். மூணு மணிக்கு நான் தொட்டுப் பார்த்தப்ப உடம்பு கொதிச்சுது." கணக்குப் போடுபவள் போல நிறுத்தினாள். "ரெண்டு நாப்பதுக்கு ஃபேன் வந்திருந்தா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. என்னால இல்லைன்னும் சொல்ல முடியாது."

தணிகைவேல் சந்தின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தண்ணீர் லாரி ஒலி எழுப்பிக்கொண்டு போனது. பூங்காவனம் சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க எல்லாரும் யார் யாருக்கு என்ன வேணும்னு எழுதி வெக்கற ஏடு ஒண்ணு இருக்காமே. அதுல தம்பி பேருக்கு நேரா என்னை எழுதியிருக்கான்."

"ஆமா."

"உங்க பேருக்கு நேரா என்னையும் எழுதுங்க."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை.

"எழுதினா இந்தச் சந்துல கைவெக்கும்போதெல்லாம் இன்னொருத்தரைக் கேட்டுத்தானே செய்யணும்? தம்பி சொன்னான்."

"ஆமாம்மா. ஆனா அது உறவுக்காரங்களை எழுதற ஏடு."

"எழுதுங்க."

ஜெசிந்தா போனை எடுத்து ஏட்டைத் திறந்தாள். தன் பெயருக்கு நேரே, அமல்ராஜுக்குக் கீழே, பூங்காவனம், பஞ்சுமில் சந்து என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"என்ன உறவுன்னு கேக்குது," என்றாள்.

பூங்காவனம் யோசித்தாள். மடித்து வைத்த சட்டையைத் திரும்ப எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"தெரிஞ்சவங்கன்னு போடுங்க," என்றாள். "இப்பத் தெரியுமே."